கட்டாமல் விட்ட மேற்கு வாசல்

என் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆபீசில் புதுப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள், நீ இருக்கிற ஊரில் வரப்போகும் மெட்ரோ பாதைக்காக ஜனங்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தை நீதான் நடத்தப் போகிறாய் என்று சொன்னாய். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "உங்க கதையைத்தாம்மா எங்க மேலதிகாரிகிட்ட சொன்னேன். எங்கம்மா ஒரே ஒரு மனு எழுதி ஸ்டேஷன் வாசலையே நிறுத்தினவங்க, எதிர்க்கிற ஜனங்க மனசு எனக்குத் தெரியும்னு சொன்னேன். உடனே என்கிட்டயே கொடுத்துட்டாங்க." நான் "ம்" என்றேன். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

அந்தக் கதை நடந்தபோது நீ திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாய். நீ கேட்டதெல்லாம் நானும் தெரு ஜனங்களும் சொன்னதுதான். அதில் பாதியை நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நீ அதைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது நீ ஒரு மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறாய். என்னைப் போல ஒருத்தி வந்து அந்த மேஜையில் ஒரு மனுவை வைப்பாள். அதற்கு முன்னால் உனக்கு மீதிப் பாதி தெரிய வேண்டும். இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் மற்றதை நீ சரியாகப் படிக்க மாட்டாய்.

நம் தெரு உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் ஒரு தடவை என்னோடு நின்று பார். கிழக்கே தெரு முனையில் கன்டெய்னர் லாரி ஓயாத ஹைரோடு. மேற்கே தெரு முடிகிற இடத்தில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைன். லைனுக்கு அந்தாண்ட லைன்மேடு. அங்கே இருக்கிறவர்கள் பஸ்ஸுக்கோ கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஹைரோட்டுக்குத்தான் வர வேண்டும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழியாகச் சுற்றி வந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். லைனைத் தாண்டி நம் தெரு வழியாக வந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் லைனில் பெரும்பாலும் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டே இருக்கும், ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று. ஜனங்கள் குனிந்து இரண்டு பெட்டிக்கு நடுவில் பூந்து வருவார்கள். நீ நாலாவது படிக்கும்போது லைன்மேட்டுச் செல்வியின் பெண் தீபாவோடு விளையாடப் போய், ஒருநாள் அப்படிப் பூந்து வந்தாய். உன்னை ஸ்கேலால் அடித்தேன், ஞாபகம் இருக்கும். தீபாவை ஒருவரும் அடிக்கவில்லை. அவளுக்கு அது பள்ளிக்கூடம் போகும் வழி.

உன் செல்வி சின்னம்மாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். அவள் வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட். சாயங்காலம் வீட்டில் அக்கம்பக்கத்துக்கு மனு அடித்துக் கொடுப்பேன் என்று தெரிந்து, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்காக முதல் தடவை வந்தாள். அன்றிலிருந்து எனக்கு "டைப்பக்கா" என்று பெயர் வைத்துவிட்டாள். லைன்மேட்டில் யாருக்கு என்ன மனு என்றாலும் அவள்தான் கூட்டி வருவாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "நம்ம பேஜாரு கூட உன் வாய்ல வந்தா இன்னா அழகா கீது பாரு" என்பாள். பெருமழை பெய்து நம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்த அன்று, அப்பா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். செல்விதான் லைனைத் தாண்டி வந்து உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள். லைன்மேடு பெயருக்கேற்ப மேடு. இரண்டு நாள் அவள் வீட்டில்தான் சாப்பிட்டோம், தூங்கினோம்.

நீ திருச்சிக்குப் போன பிறகு, மெட்ரோவுக்காக சர்வே எடுக்க வந்தவர்கள் நம் தெருவில் வடக்கு வரிசை வீடுகளின் சுவரில் மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நம் வீட்டிலும் போட்டார்கள். என்ன, ஏது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெருவே பயந்து போயிற்று. பக்கத்து வீட்டு பாய் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. உன் அப்பா ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்த்துக் கட்டிய வீடு. அதன் செங்கல் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும் என்று சொன்னால் நீ சிரிப்பாய், ஆனால் சித்தாளுக்குக் கொடுக்க முடியாத நாளில் நானே செங்கல் சுமந்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து சர்வே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இப்போது உனக்கு இருக்கிற வயசுதான் அப்போது அவளுக்கு இருக்கும். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று புரிந்ததும் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். ஹைரோட்டுக்குக் கீழே ஸ்டேஷன். கிழக்குப் பக்கம் ஒரு வாசல், மேற்குப் பக்கம் ஒரு வாசல். மேற்கு வாசலிலிருந்து ஒரு நடைப்பாலம் கிளம்பி, நம் வடக்கு வரிசை வீடுகள் இருக்கிற இடத்தின் மேல் நீண்டு, கூட்ஸ் லைனைத் தாண்டி லைன்மேட்டில் இறங்கியது. "மேற்கு வாசல் இந்தத் தெருவுக்காக இல்லம்மா," என்றாள். "அந்தாண்ட இருக்கிறவங்களுக்காக. அவங்க வண்டிக்கு அடியில பூந்து வர்றதைப் பார்த்தோம். அங்க ஒரு வீடும் போகாது, காலி இடத்துலதான் பாலம் இறங்குது. இந்தப் பக்கம் இந்த வரிசையும் முனையில இருக்கிற குடோனும் போகும். மாற்று இடம் பற்றிப் பேசலாம்." நான் அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. எனக்குப் புரியாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

முனை குடோன் யாருடையது என்று உனக்குத் தெரியும். கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்ததால் எல்லோரும் அவரை "வட்டம்" என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வந்துபோன மறுநாளே வீட்டுக்கு வந்தார். அதுவரை நம் வாசல்படி மிதிக்காதவர், நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "இந்தத் தெருவுல இருபது வூட்டு ஓட்டுக்கு எவன் பயப்படுவான்? அந்தாண்ட லைன்மேடும் கூட நின்னாத்தான் மேல இருக்கிறவங்க காதுல விழும். அந்த ஜனம் என் பேச்சைக் கேக்காது. நீ சொன்னா கேக்கும். நீ எழுதினா ஆபீசருங்க எந்திரிச்சு நின்னு படிப்பாங்கம்மா." குடோனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பயம், அவ்வளவுதான். அவரைத் திட்டுவது எனக்குச் சுலபம். பல வருஷம் மனசுக்குள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

அந்த மனுவை மூன்று நாள் அடித்தேன். தெரு எவ்வளவு பழையது, யார் யார் நோயாளி, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மை. கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: "இத்திட்டத்தினால் இரயில் பாதைக்கு மேற்கே வசிக்கும் ஏழைக் குடும்பங்களும் தம் குடியிருப்புகளை இழந்து, ஊருக்கு வெளியே அனுப்பப்படும் அபாயம் உள்ளது." பாலம் என்ற வார்த்தையே மனுவில் கிடையாது. உன் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "அந்தாண்ட பாலம் எறங்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அத எழுதலியா?" என்றார். "அதை எழுதினா அவங்க நம்மகூட நிப்பாங்களா?" என்றேன். வீடு அவர் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டும். போட்டார். போட்டுவிட்டு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காய்ச்சலா என்று கேட்டேன், ஆமாம் என்றார். தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நான்தான் லைன்மேட்டுக்குப் போனேன். பூந்து போகவில்லை, எனக்குப் பயம். கேட் வழியாக ஆட்டோவில் போனேன். செல்வி எல்லோரையும் குழாயடிக்குக் கூட்டி வந்தாள். வாசித்துக் காட்டினேன். ஊருக்கு வெளியே அனுப்புவார்கள் என்ற இடத்தில் ஒரு கிழவர் எழுந்து நின்றுவிட்டார். அவர்களுக்கு அந்தப் பயம் புதுசில்லை. முன்னால் இரண்டு இடத்திலிருந்து காலி செய்யப்பட்டு வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. எந்த இடத்தில் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மனுக்களையெல்லாம் அடித்துக் கொடுத்தவள் ஆயிற்றே. ஒரு பையன், "நெசமா நம்ம வூடு போவுதா? படம் கிடம் எதுனா கீதா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி அவனை அதட்டினாள். "டைப்பக்கா பொய்யா சொல்லும்? உன்னை ஸ்கூல்ல சேக்கறதுக்கு யார்டா எழுதிக் குடுத்தது?" அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். நான் மை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். நம் தெரு முழுவதும் வந்தது. வட்டத்தின் ஆட்கள் வந்தார்கள். லைன்மேட்டிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள்தான். மற்றவர்களுக்கு வேலை நாள். நான் பேசவில்லை, செல்வியைப் பேசச் சொன்னேன். அவள் மைக்கைப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. "எங்கள ஏற்கனவே ரெண்டு தபா தூக்கிப் போட்டாங்க சார். இங்க ஒரு வூடு கட்டிகினு கொயந்தைங்கள படிக்க வெச்சிகினு கீறோம். உங்க ரயிலு எங்களுக்கு வாணாம் சார். எங்கள வுட்ருங்க." அவ்வளவுதான் பேசினாள். மண்டபமே கை தட்டியது. மேடையிலிருந்த அதிகாரி பாலத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து வட்டத்தின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். அவர் பேச்சு யார் காதிலும் விழவில்லை. செல்வி காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது, நான் முதல் வரிசையில் இருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த சர்வே பெண் என் பக்கத்தில் வந்தாள். கோபமாக இல்லை. "அந்தாண்ட வீடு போகுதுன்னு அவங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று கேட்டாள். "எல்லாரும் சொல்றாங்க," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் படம் காட்டினேனேம்மா," என்றாள். நான் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துவிட்டேன். அவளை அப்புறம் பார்க்கவேயில்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

தேர்தலுக்கு முன்னால் அறிவிப்பு வந்தது. மக்களின் எதிர்ப்பை மதித்து மேற்கு வாசலும் பாலமும் கைவிடப்படுகின்றன, ஸ்டேஷனுக்குக் கிழக்கு வாசல் மட்டும். தெருவில் பட்டாசு வெடித்தார்கள். வட்டம் எனக்குச் சால்வை போட்டார். நீ லீவில் வந்தபோது பாய் உன்னை நிறுத்தி, "உங்கம்மா பேனாவுக்கு முன்னாடி கவர்மென்ட்டே பணிஞ்சுதுப்பா" என்றார். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் கண்ணில் நான் பெரிய ஆளாகத் தெரிந்தேன். அதை இழக்க மனசு வரவில்லை.

மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் வண்ணாரப்பேட்டைக்குப் போவது சுலபமாகிவிட்டது. செல்வியும் தீபாவும் அதில்தான் வேலைக்குப் போனார்கள். தீபாவும் அதே கடையில் கணக்கு எழுதச் சேர்ந்திருந்தாள். லைனில் வண்டிக்கு அடியில் பூந்து, நம் தெருவில் நடந்து, ஹைரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓடி, கிழக்கு வாசலில் இறங்குவார்கள். போகும்போது செல்வி நம் ஜன்னலில் தட்டி, "டைப்பக்கா, வர்ட்டா?" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் நானும் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் கவுன்ட்டருக்கு மேற்கே ஒரு அகலமான நடைவழி போகிறது. நாலு எட்டு வைத்தால் ஒரு சுவர். பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, விளம்பரம் மாட்டியிருக்கிறார்கள். "இன்னாக்கா இது, வழி மாதிரி கட்டிட்டு செவுரு வெச்சு மூடிக்கிறாங்க?" என்றாள் செல்வி. எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் மழை தூறியது. கூட்ஸ் வண்டி வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது. தீபா முதலில் பூந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். செல்வி பாதி பூந்த நிலையில் சாப்பாட்டுப் பையை நீட்டினாள், தீபா வாங்கிக்கொண்டாள். அப்போது வண்டி நகர்ந்தது. தீபா அந்தப் பையோடு நம் தெருவில் ஓடி வந்தாள். வழியில் எத்தனையோ வீடு இருந்தும் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டினாள். "பெரிம்மா, அம்மாக்கு போன் போடு" என்றாள். என்ன சொல்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

சாவுக்கு அப்புறம் போட வேண்டிய மனுக்களுக்கும் தீபா என்னிடம்தான் வந்தாள். ஒரு படிவத்தில், இறந்தவர் ஏன் அந்த வழியாகச் சென்றார் என்று ஒரு கேள்வி இருந்தது. தீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் "வேறு வழி இல்லாததால்" என்று அடித்தேன். அடித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னா பெரிம்மா, ஒடம்பு முடியலியா?" என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்த வாரம் நீ போனில் வருத்தப்பட்டாய், அழுதாய். அப்புறம் உன் படிப்பு பேச ஆரம்பித்தது. "ஏம்மா இவங்க கேட் வழியா சுத்திப் போக மாட்டேங்கிறாங்க? எவ்வளவு சொன்னாலும் குறுக்கு வழிதான்" என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கோ உன் அப்பாவின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அவர் போனுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், நீ பேசியதெல்லாம் கேட்டிருக்கும். செல்வியைப் பற்றி, மனுவைப் பற்றி, அவர் சாகிற வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கடைசி வருஷம் மேற்கு ஜன்னலை மூடியே வைத்திருந்தார். தூசி வருகிறது என்று உனக்குச் சொன்னோம்.

ஜன்னலை மூடினாலும் சத்தம் வருகிறது. நின்ற கூட்ஸ் வண்டி கிளம்பும்போது முதல் பெட்டி இழுபட்டு, அடுத்தது, அதற்கடுத்தது என்று இரும்பு அதிர்கிற சத்தம் வரிசையாக ஓடி வரும். நீ அதைக் கேட்டே வளர்ந்தவன், நானும் அதைக் கேட்டேதான் தூங்கினேன். இப்போது அந்தச் சத்தம் நம் தெருவைத் தாண்டும் வரை மூச்சு விடாமல் இருக்கிறேன். பட்டப்பகலில், காய் நறுக்கும்போது, கடையில் சில்லறை வாங்கும்போது, அது கேட்டால் அப்படியே நிற்கிறேன். காலையில் ஜன்னலில் யாராவது தட்டினால் எழுந்து போய்ப் பார்க்க மாட்டேன். பால்காரன் கத்திவிட்டுப் போவான். சில நாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பேன். காவலாளி இரண்டு தடவை வந்து, "வழி தெரியலியாம்மா? வாசல் அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். சுவருக்குப் பின்னால் யாரோ நடந்து வருகிற மாதிரியே இருக்கும். காது வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன்.

நீ நடத்தப்போகும் கூட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியவில்லை. ஆனால் அந்த மேஜைக்கு எந்தப் பக்கத்திலிருந்து பொய் வரும் என்பது எனக்குத் தெரியும். ஜனங்களின் பயத்தைக் கேலி செய்யாதே. எங்கள் சுவரில் சொல்லாமல் கொள்ளாமல் நம்பர் போட்டார்கள் பார், அந்த ஒரு வாரப் பயத்தைப் பிடித்துக்கொண்டுதான் வட்டம் உள்ளே வந்தார். உங்கள் ஆட்கள் முதல் நாளே உட்கார்ந்து பேசியிருந்தால் அவருக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை? அழகாக எழுதிய மனு வந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படி. யார் பெயரில் எழுதியிருக்கிறதோ அவர்களிடமே போய், வேலை இல்லாத நாளில், அவர்கள் வீட்டு வாசலில் நின்று, படத்தை விரித்துக் காட்டு. கூட்டத்தில் கை தட்டுகிறவர்களை எண்ணாதே. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று கேள். அழுதுகொண்டு பேசுகிறவள் பொய் சொல்லவில்லை, அவளிடம் யாரோ பொய் சொல்லியிருக்கலாம். அவளைக் கூச்சலில் விட்டுவிட்டுப் போகாதே. எங்கள் மண்டபத்தில் அந்த அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து செல்வியிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். ஆனால் நானே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு அதைவிடப் பக்கம்.

இனி அந்த இன்னொரு காரணம். ஆறு மாசத்துக்கு முன்னால் தீபா வந்தாள். கூட்டம் அதிகமாகிவிட்டதால் ஸ்டேஷன்களில் விட்டுப்போன வாசல்களைப் பற்றி மறுபடி மனு வாங்குகிறார்களாம். "மேற்கால வாசலும் பாலமும் கேட்டு ஒரு மனு எழுதிக் குடு பெரிம்மா. உன்ன மாதிரி யாரு எழுதுவா?" என்றாள். மெஷினில் பேப்பரைச் சொருகினேன். ஒரு வரிகூட அடிக்க முடியவில்லை. அவளை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் விரித்த படம், கடைசிப் பத்தி, மை டப்பா, எல்லாம். அவள் அழவில்லை, கத்தவுமில்லை. "எங்கம்மாக்கு தெர்யுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "நல்ல வேள," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இரண்டு மாசம் நம் தெரு வழியாகவே வரவில்லை. கேட் வழியாகச் சுற்றிப் போனாள் போல. அப்புறம் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "என்கிட்ட சொன்னத எங்க ஜனங்ககிட்ட வந்து சொல்லு," என்றாள். போனேன். அதே குழாயடி. அன்றைக்குப் படம் கேட்ட பையன் இப்போது இரண்டு பிள்ளைக்கு அப்பன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெண் மண்ணை அள்ளி எனக்கு முன்னால் போட்டாள். அந்தப் பையன்தான் பேசினான். "இப்ப நீ சொல்றது நெசம்னு நாங்க எப்டி நம்பறது? படத்த எட்த்துகினு வா." என்னிடம் படம் இல்லை. திரும்பி வந்தேன். தகவல் கேட்டு மனு போட்டு, அலைந்து, அந்தப் பழைய வரைபடத்தின் நகலை வாங்கினேன். விஷயம் நம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பாய் பேசுவதை நிறுத்திவிட்டார். யாரோ நம் கதவில் சாணி அடித்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வீடும் போகும், அதற்கு நியாயமான மாற்று இடம் வேண்டும் என்று புது மனுவில் எழுதியிருக்கிறேன், அவர்கள் படித்தால்தானே.

போன சனிக்கிழமை படத்தோடு லைன்மேட்டுக்குப் போனேன். தரையில் விரித்தோம். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பாலம் எங்கே இறங்கும், குழாயடி எது, யார் வீடு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அந்தப் பையன் எழுந்து போய், படத்தில் இருந்த இடத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டு வந்தான். தீபா கடைசியாகக் குனிந்து பார்த்தாள்.

"இதுல உன் வூடு எது?"

காட்டினேன்.

"பாலம் வந்தா இது போய்டுமா?"

"போயிடும்."

"வூடு யார் பேர்ல கீது?"

"பெரியப்பா போனதுக்கப்புறம் எம்பேர்லயும் பையன் பேர்லயும்."

"அவருக்குத் தெர்யுமா இதெல்லாம்?"

"தெரியாது."

தீபா படத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "மொதல்ல அவருகிட்ட சொல்லு பெரிம்மா. எல்லாத்தையும் சொல்லு. அவரு இன்னா சொல்றாருன்னு கேட்டுகினு வா. அப்பால நாங்க கையெழுத்து போட்றோம். ஒருத்தருக்குத் தெர்யாம இன்னொருத்தரு வூட்ட எழுதற வேல இனிமே வாணாம்."

மறுநாள் உன்னிடம் சொல்வதற்காகத்தான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ அந்தக் கதையோடு ஆரம்பித்துவிட்டாய்.

இப்போது சொல்லிவிட்டேன். அந்த வீடு உனக்கும் வீடு. நீ பிறந்து வளர்ந்த வீடு, உன் அப்பா உயிர் போன வீடு. வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு, அப்படிச் சொன்னால் உன்னை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். யோசிக்க எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். ஆனால் பதிலை எனக்கு எழுதாதே, போனிலும் சொல்லாதே. நேரில் வா. வந்து தீபாவிடம் சொல். சரி என்றாலும், இல்லை என்றாலும், நீ அதைச் சொல்லும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

அம்மா